ஊசிக்கு மேல் காசு வைக்காதேங்கோ

சுன்னாகம் பக்கம் கலியாண வீடுகளில் டீஜே போடுகிற தம்பிமாரே, பாட்டுத் துள்ளினால் ஊசிக்கு மேல் சில்லறைக் காசு வைக்காதேங்கோ.

உங்கள் செராட்டோ தட்டில் பாட்டே இல்லை. விநாடிக்கு 1000 அதிர்வுள்ள ஒலிதான். ஊசி அதைச் சரியாக வாசித்தால்தான் கணினிக்கு வேகமும் இடமும் தெரியும். முதலில் ஊசித் தூசியைப் பின்னிருந்து முன்னுக்குத் துடையுங்கோ. பின் எடையைத் திருப்பிக் கையைச் சமமாக நிறுத்தி, ஊசிப் பெட்டியில் போட்டிருக்கும் கிராமை வையுங்கோ. கூடினால் தட்டுத் தேயும்.

பழைய 78 வேகத் தட்டின் பள்ளம் அகலம். அதற்கு வேறு ஊசி வேண்டும்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது எங்கள் வீட்டுத் தட்டுகள் போனது போனதுதான். புத்தளத்து உறவுகளிடம் மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டையாவது சரியான ஊசியால் கணினியில் ஏற்றி வைப்போம்.