சி.எஸ்.ஆர். ரசீது

2003 நவம்பர் 7 அன்று நான் அம்பத்தூர் ஓ.டி.யில், செய்தி அனுப்ப ஃபேக்ஸ் கடையில் இருந்தேன். 'தி இந்து' நாளிதழைச் சேர்ந்த ஐந்து பேருக்கும், அதன் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்ட 'முரசொலி' ஆசிரியர் செல்வத்துக்கும் சட்டப்பேரவை 15 நாள் சிறை விதித்துவிட்டதாகச் செய்தி வந்தது. பேரவையின் உரிமையை மீறிவிட்டார்களாம். ஐவரில் இருவர் பெண்கள்: செயல் ஆசிரியர் மாலினி பார்த்தசாரதி, சிறப்பு நிருபர் ராதா வெங்கடேசன். "பொம்பளைங்களையுமா உள்ள போடுவாங்க?" என்று கேட்டார் கடைக்கார அக்கா. மவுன்ட் ரோடு அலுவலகத்துக்குள் அதற்குள் போலீஸ் நுழைந்திருந்தது.

அந்த வருஷமே அப்படித்தான். ஏப்ரலில் 'நக்கீரன்' இதழின் ஆசிரியர் கோபாலைப் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். பூந்தமல்லி பொடா நீதிமன்றத்தில் வாய்தா என்றால் நிருபர்கள் நாங்கள் வெளியே வெயிலில் நிற்போம். பேரவைத் தண்டனைக்கு உச்ச நீதிமன்றம் நவம்பர் 10ஆம் தேதியே தடை போட்டது. எங்களுக்கும் உயிர் வந்தது.

ஆனால் டெல்லி வரை போக வக்கீல் வைத்திருக்கும் பத்திரிகை வேறு, பத்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் புறநகர் நிருபர் வேறு. ஏரியில் ராத்திரி லாரி வைத்து மண் அள்ளுவதை எழுதினேன். என் பெயர்கூடப் போடவில்லை. இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பொண்ணு எத்தனை மணி பஸ்ல வருதுன்னு எங்களுக்குத் தெரியும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். அதுதான் அம்மாவைத் தூங்கவிடவில்லை.

புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில், "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்றார்கள். அலுவலகத்தில், "கொஞ்ச நாள் கோயில் திருவிழா மாதிரி ஏதாவது எழுதேன்" என்றார்கள். மறுநாள் மூத்த நிருபர் அக்கா ஒருவர் ஆவடியிலிருந்து வந்து, என்னோடு அதே நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. "சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுங்க சார், வாங்கிட்டுப் போறோம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சாயங்காலம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அந்த ரசீது கைக்கு வந்தது. அடுத்த வாரம் லாரிச் செய்தியின் இரண்டாம் பகுதியை எழுதினேன், என் பெயரைப் போடச் சொல்லியே.

பிறகு வந்த பெண்களுக்கு மிரட்டல் கைப்பேசிக்கே வந்தது. தாது மணல் கொள்ளையை 2017இல் எழுதிய சந்தியா ரவிசங்கரை அது ஓயாமல் துரத்தியது. 2020 நவம்பரில் பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயே, குன்றத்தூர் அருகே, தமிழன் தொலைக்காட்சி நிருபர் மோசஸை வெட்டிக் கொன்றார்கள். எழுதுகிற பிள்ளையைப் பெற்ற வீடுகள் அன்று என்ன நினைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பத்திரிகையாளர் பாதுகாப்புக்கு மகாராஷ்டிரா 2017இல் சட்டம் நிறைவேற்றியது, சத்தீஸ்கர் 2023இல். தமிழ்நாடு அப்படி ஒன்றை எழுதும்போது, நியமனக் கடிதமே இல்லாத பகுதிநேர நிருபரையும் பத்திரிகையாளர் என்று அதில் சேர்க்க வேண்டும்.