மருந்து கோழிக்கு, வைத்தியம் மண்ணுக்கு

மே 4

ஸ்னோ கரைந்து மண் வெளியே தெரிந்ததிலிருந்து கோழிகள் பின்வளவு முழுக்கக் கிளறித் திரிகின்றன. இன்று காலை கூட்டின் எச்சப் பலகையைச் சுரண்டும்போது வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது. இடியப்ப இழையின் தடிப்பு, விரல் நீளம், இரண்டு முனையும் கூர். கோழிக் குடலில் வாழும் புழுக்களில் மிகப் பெரியதான உருண்டைப் புழு இது. அறிவியற் பெயர் அஸ்காரிடியா கல்லி. பெண் புழு 12 சென்டிமீட்டர் வரைகூட வளரும்.

முதிய பேடுகள் மூன்றும் வழமைபோலத் தின்று, வழமைபோல முட்டையிடுகின்றன. கவலை எல்லாம் புதிதாக வந்த இரண்டு இளங்கோழிகளைப் பற்றியது. அவற்றில் ஒன்றான சிவப்பிக்குக் கொண்டை வெளிறியிருக்கிறது. தூக்கினால் மார்பெலும்பு கையில் இடறுகிறது. மூன்று மாதத்துக்குட்பட்ட கோழியைத்தான் இந்தப் புழு அதிகம் வாட்டும். வயது ஏற ஏற உடல் ஓரளவு எதிர்த்து நிற்கப் பழகிவிடும். எச்சத்தில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய புழுவைவிட, கண்ணுக்குத் தெரியாமல் குடற்சுவருக்குள் புகுந்து வளரும் இளம்புழுவே கேடு கூடியது. சுவர் புண்பட்டு, தின்றது உடம்பில் சேராது. புழு மிகவும் பெருகினால் குடலையே அடைத்துக் கோழியைக் கொன்றுவிடும்.

மே 6

இந்தப் புழு ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை. நடுவில் மண் இருக்கிறது. பெண் புழு இடும் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வரும். வந்தவுடன் அவற்றால் தொற்ற முடியாது. ஈரமும் சூடும் கிடைத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் முட்டைக்குள் இளம்புழு உருவாகிவிடும். அதைக் கோழி கொத்தித் தின்றபின் மேலும் ஐந்து முதல் எட்டு வாரம் கழித்து அந்தக் கோழியின் எச்சத்தில் புதிய முட்டைகள் வரத் தொடங்கும். மண்புழு அந்த முட்டையை விழுங்கியிருந்து, அந்த மண்புழுவைக் கோழி பிடித்துத் தின்றாலும் தொற்றும்.

மொன்றியலின் குளிர் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். ஆனால் புழு முட்டையின் ஓடு தடித்தது, பல படலங்கள் கொண்டது. ஸ்னோப் போர்வைக்குக் கீழே, மண்ணுக்குள், கூட்டுக்குள் போட்ட மரத்தூளுக்குள் அது பனிக்காலத்தைத் தாண்டிவிடும். நல்ல ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஏறக்குறைய ஒன்றரைச் சதுர கிலோமீட்டரில் முப்பதாயிரம் பேர் வாழ்கிற பகுதி இது. பின்னால் கிடைப்பது ஒரு துண்டு நிலம், அதற்கப்பால் சந்து. அந்தத் துண்டிலேயே கோழி தின்கிறது, அதிலேயே எச்சமிடுகிறது, அதையே கிளறி மறுபடியும் தின்கிறது. புழுவுக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை.

மே 7

அம்மாவிடம் சொன்னேன். “ஊரிலை நாங்கள் கோழிக்கு எப்ப பூச்சி மருந்து குடுத்தனாங்கள்? வேப்பிலையும் பப்பாக் கொட்டையும் போதும் பிள்ளை” என்றார்.

அம்மா சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. யாழ்ப்பாணத்து வளவில் கோழி விடிய இறங்கினால் பனையடி, வேலியோரம், பக்கத்துத் தோட்டம் என்று அலைந்து பொழுதுபட்டுத்தான் திரும்பும். எச்சம் பரந்த நிலமெங்கும் சிதறும். வெயில் அதைக் காயவைக்கும். உலர்வும் கடும் வெயிலும் புழு முட்டைக்கு ஆகாது. அங்கும் புழு இருந்தது, நலிந்த குஞ்சுகளும் இருந்தன. ஆனால் நிலத்தின் விரிவு பாதி வேலையைச் செய்தது. இங்கே அந்த விரிவு இல்லை.

பப்பாசிப் பாலுக்கும் விதைக்கும் புழுவை ஓரளவு தாக்கும் தன்மை உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. பூசணி விதை பற்றியும் அப்படியே. ஆனால் எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு புழு போகும் என்பதற்கு உறுதி இல்லை. ஜோன் தலோன் வீதிக் கடையில் வாங்கிய பப்பாசியின் விதையை அம்மா கோழிகளுக்குப் போட்டார், அவையும் ஆசையாய்த் தின்றன. தின்னட்டும். மெலிந்து நிற்கிற சிவப்பியை அதை மட்டும் நம்பி விட்டுவிட என்னால் முடியாது.

மே 9

நகரத்து மிருக வைத்தியசாலைகளில் பெரும்பாலானவை நாய்க்கும் பூனைக்கும் உரியவை. கோழி பார்ப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கியூபெக்கின் மிருக வைத்திய பீடம், மொன்றியல் பல்கலைக்கழகத்துடையது, நகரத்தில் இல்லை. கிழக்கே பண்ணைகள் சூழ்ந்த சான்-இயசாந்தில் இருக்கிறது. வட அமெரிக்காவில் பிரெஞ்சு மொழியில் மிருக வைத்தியம் கற்பிக்கும் ஒரே பீடம் அது.

கோழி பார்க்கும் வைத்தியர் ஒருவர் கிடைத்தார். மருந்துக்கு முன் எச்சத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஒரே கோழியின் எச்சம் போதாது. பல இடங்களில் புதிதாய் விழுந்ததை எடுத்து, சின்ன டப்பாவில் மூடி, குளிர்பெட்டியில் வைக்கலாம், உறையவிடக் கூடாது. உறைந்தால் முட்டைகள் சிதைந்து எண்ணிக்கை பிழைக்கும்.

எச்சத்தை அடர்ந்த உப்புக் கரைசலில் கலக்கினால் புழு முட்டைகள் இலேசானவை என்பதால் மேலே மிதந்து வரும். அவற்றைக் கோடு போட்ட கண்ணாடித் தட்டில் இட்டு நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். மக்மாஸ்டர் முறை என்பது இதன் பெயர். சிட்னியில் இருந்த மக்மாஸ்டர் ஆய்வுகூடத்தில் செம்மறியாடுகளுக்காக 1930களில் உருவானது. இன்றும் உலகமெங்கும் கோழி, ஆடு, மாடு, குதிரை எல்லாவற்றுக்கும் இதுவே கைகொடுக்கிறது.

மே 13

முடிவு வந்தது. உருண்டைப் புழுவின் முட்டைகள் நிறைய. அதே உருவத்தில் குருட்டுக்குடல் புழுவான ஹெட்டராகிஸின் முட்டைகளும் கலந்திருக்கலாம். நுண்ணோக்கியில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஹெட்டராகிஸ் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள சிறு புழு, தன்னளவில் பெரிய தீங்கு செய்யாது. ஆனால் அதன் முட்டைக்குள் ஒளிந்து ஹிஸ்டோமோனாஸ் என்ற நுண்ணுயிர் பயணம் செய்யும். அது வான்கோழிகளின் ஈரலை அழித்துக் கூட்டத்தையே கொல்ல வல்லது. கோழியோடு வான்கோழியைச் சேர்த்து வளர்க்காதே என்று பண்ணைக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

நாடாப்புழுவும் நூற்புழுவும் தென்படவில்லை. நாடாப்புழு வர எறும்பு, வண்டு, நத்தை போன்ற இடையுயிர் ஒன்று வேண்டும். நூற்புழுக்களில் சிலவற்றுக்கு மண்புழு வேண்டும். எந்தப் புழு என்று தெரிந்தால்தான் எந்த மருந்து, எங்கே சுத்தம் என்பது தெரியும். பிப்பெரசின் உருண்டைப் புழுவை முடக்கி வெளியே தள்ளும். நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. ஃபென்பென்டசோல் புழுவின் உயிரணுக்களுக்குள் உள்ள நுண்குழாய்களைக் குலைத்து, அது சத்தை உறிஞ்ச முடியாமல் பட்டினி போட்டுக் கொல்லும். அதனால் அதைப் பல நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

வைத்தியர் எழுதித் தந்தது ஃபென்பென்டசோல். கோழிகளை நிறுத்துப் பார்த்து அளவு கணக்கிட்டார். முட்டையை எப்போதிருந்து சாப்பிடலாம் என்பதையும் சீட்டிலேயே எழுதினார். இந்த ஒரு வரிக்காகவேனும் வைத்தியரிடம் போக வேண்டும். மருந்து முட்டைக்குள் போகும். அந்த முட்டையைத் தின்பது நம் பிள்ளைகள்.

மே 16

மேல்வீட்டில் இருக்கும் கிரேக்க அம்மா பால்கனியிலிருந்து கேட்டார்: கோழிக்குப் புழுவாமே, பேரப்பிள்ளைகள் சந்தில் விளையாடுகிறார்களே, அவர்களுக்கும் வருமா? நம்மவர்கள் வருமுன்னரே இந்தப் பகுதியைத் தம் ஊராக்கிக்கொண்ட கிரேக்கத் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். சின்ன வயதில் கிராமத்தில் கோழி வளர்த்தவர்.

கோழியின் உருண்டைப் புழு மனிதக் குடலில் வாழாது என்றேன். பிள்ளைகளுக்கு வருவது வேறு இனப் புழு. ஆனால் கோழியைத் தொட்டால், கூட்டைத் தொட்டால், முட்டையை எடுத்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். அது புழுவுக்காக அல்ல, சால்மொனெல்லாக் கிருமிக்காக. குழாயடியில் சவர்க்காரம் வைத்திருக்கிறேன். அயலவர் கேட்கும் கேள்விக்கு முகம் சுளிக்காமல் விளக்கம் சொல்வதும் நகரத்தில் கோழி வளர்ப்பவரின் கடமை என்று நினைக்கிறேன். சுவரும் படியும் சந்தும் பொதுவாக இருக்கும் இடத்தில் ஒருவரின் கோழி முழுக்க ஒருவருடையதாக இருக்க முடியாது.

மே 19

மருந்து நாட்கள். தண்ணீரில் கலந்து கொடுக்கும்போது வேறு தண்ணீர் எதுவும் கிடைக்கக் கூடாது. மழைநீர் தேங்கிய தட்டையும் கவிழ்த்தேன். ஒவ்வொரு காலையும் புதிதாகக் கலக்கிறேன். சிவப்பி குறைவாகக் குடிப்பதால் அவளையும் துணைக்கு மற்ற இளங்கோழியையும் தனியாக அடைத்து, குடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கூட்டமாகக் கொடுக்கும்போது வலியது வயிறு நிறையக் குடிக்கும், மருந்து அதிகம் தேவைப்படும் மெலிந்தது ஒதுங்கி நிற்கும்.

எச்சத்தில் புழுக்கள் வருகின்றன. அவற்றை மற்றக் கோழிகள் கொத்துமுன் எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துகிறேன்.

மே 24

மூன்று மாதத்துக்கொரு தரம் கண்ணை மூடிக்கொண்டு பூச்சி மருந்து கொடுத்தால் என்ன என்று தெரிந்த ஒருவர் கேட்டார். ஏன் கூடாது என்பதற்கான பதில் பக்கத்திலேயே இருக்கிறது. மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சான்-ஆன்-து-பெல்வியூவில், மக்கில் பல்கலைக்கழகத்தின் ஒட்டுண்ணியியல் நிறுவனம் 1932 முதல் இயங்குகிறது. தொடங்கி நடத்தியவர் தாமஸ் கேமரன். பின்னாளில் ரோஜர் பிரிச்சர்ட் போன்றவர்கள் அங்கே ஆராய்ந்தது, மருந்துக்குப் புழுக்கள் எப்படி எதிர்ப்பைப் பெறுகின்றன என்பதை. உலகமெங்கும் ஆட்டுப் பண்ணைகளில் பழைய புழு மருந்துகள் வேலை செய்யாமற் போனதே அந்தக் கேள்வியை எழுப்பியது. கோழி இனத்துக்கும் அது வந்துவிட்டது. ஃபென்பென்டசோலுக்கு அடங்காத வான்கோழிப் புழுக்கள் அமெரிக்காவில் பதிவாகியுள்ளன.

ஒவ்வொரு முறை மருந்து கொடுக்கும்போதும், அதற்குத் தப்புகிற புழுதான் அடுத்த தலைமுறையைப் பெறுகிறது. தேவையில்லாமலும் அரைகுறை அளவிலும் கொடுத்தால் தப்புகிறவற்றையே நாம் வளர்க்கிறோம். எண்ணிப் பார்த்து, தேவையானால் மட்டும், முழு அளவில் கொடுப்பதே சரி.

ஜூன் 2

கோழிக்கு மருந்து முடிந்தது. இனி மண்.

கூட்டிலிருந்த மரத்தூள் முழுவதையும் வாரி வெளியேற்றி, பலகைகளைச் சுரண்டி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்தேன். சாதாரணக் கிருமிநாசினிகள் புழு முட்டையின் ஓட்டை அசைப்பதில்லை. சூடும் உலர்வும் அசைக்கும். வாரிய குப்பையைக் கீரைப் பாத்திக்குப் போடவில்லை. எருக்குவியல் உள்ளே 55 பாகைக்கு மேல் சூடேறி, புரட்டிப் புரட்டி எல்லாப் பகுதியும் அந்தச் சூட்டைக் கண்டால்தான் முட்டைகள் சாகும். நகரத்துச் சிறு குவியல் அந்த அளவுக்குச் சூடேறுவதில்லை.

கோழிகள் அதிகம் நிற்கும் இடத்தில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துப் பருமணல் கொட்டினேன். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் எப்போதும் சேறு. அதைக் கல்லடுக்கின் மேல் ஏற்றினேன். தீனியை நிலத்தில் தூவுவதை நிறுத்தித் தொட்டியில் வைத்தேன். எச்சத்தில் கிடந்து முற்றிய முட்டையே தொற்றும் என்பதால் எச்சப் பலகையைத் தினமும் சுரண்டுகிறேன். வளவை வலையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தில் புல் விதைத்தேன். புல்லை ஒட்ட வெட்டினால் வெயில் மண்ணைத் தொடும். இளங்கோழிகளுக்குப் பழைய கோழிகள் மிதிக்காத பக்கம்.

ஜூலை 20

சிவப்பியின் கொண்டை சிவந்துவிட்டது. புரதமும் ஏ உயிர்ச்சத்தும் குறைந்த கோழியைப் புழு எளிதில் வெல்லும் என்பதால் கீரையும் கரட்டும் அரைத்த மீனும் தீனியோடு சேர்க்கிறேன்.

மீண்டும் எச்சம் கொடுத்தேன். புதிய தொற்று முட்டையாகத் தெரிய எட்டு வாரம் ஆகும் என்பதால் இவ்வளவு பொறுத்தேன். முட்டைகள் மிகக் குறைவு. மருந்து வேண்டாம் என்றார் வைத்தியர். முற்றாக இல்லாமற் போகவில்லை, போகவும் போகாது. கோழி நலமாக இருக்குமளவுக்குப் புழுவைக் கீழே வைத்திருப்பதுதான் இலக்கு.

பெரிய பண்ணைகளிலும் இதே கதைதான். ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி 1 முதல் வெற்றுக் கம்பிக்கூண்டில் முட்டைக்கோழி வளர்ப்பதைத் தடைசெய்தது. கூண்டில் எச்சம் கம்பி வழியே கீழே விழுந்துவிடும். கோழியும் புழு முட்டையும் சந்திப்பதே அரிது. சுவீடனில் கோழிகள் கூண்டைவிட்டுத் தரைக்கு வந்தபின் மறைந்துபோயிருந்த உருண்டைப் புழுவும் திரும்பி வந்தது. அதனால் கூண்டுக்கே போகலாம் என்று நான் சொல்லமாட்டேன். இறகு விரித்துப் புழுதியில் குளிக்காத கோழியின் வாழ்க்கை வாழ்க்கையல்ல. ஆனால் அந்தப் புழுதியைத் தருகிறவர் அதைச் சுத்தமாகத் தரவேண்டும்.

அக்டோபர் 18

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் அடுத்த வருடம் கோழி வளர்க்க விரும்பி வந்தார். எந்த இனம், எங்கே வாங்கலாம் என்று கேட்டார். நான் முதலில் நிலத்தைப் பற்றித்தான் கதைத்தேன். மொன்றியலில் கோழி பற்றிய விதியை ஒவ்வொரு வட்டாரமும் தனித்தனியே வகுக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள் என்றேன். காட்டுப் பறவைகள் வந்து தின்னாதபடி தீனியை மூடி வையுங்கள், பறவைக் காய்ச்சல் ஓயவில்லை என்றேன். பிறகு வளவை அளந்து, மனதில் நினைத்த எண்ணிக்கையிலிருந்து இரண்டு கோழியைக் குறைக்கச் சொன்னேன். நெருக்கம் குறைந்தால் எச்சம் குறையும், எச்சம் குறைந்தால் புழு குறையும், மருந்தும் குறையும். வாங்கிய கோழியைக் கூட்டத்தோடு சேர்க்குமுன் அதன் எச்சத்தைச் சோதிக்கச் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கூடு கட்டுமுன் எச்சப் பலகையைக் கழற்றிக் கழுவும்படி எப்படி வைப்பது என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டபின் அவர் நல்ல கோழிக்காரர் ஆவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.