கூறியது கூறல்

பவணந்தி முனிவர் நன்னூலில் நூற்குற்றம் பத்தென வகுத்து, அவற்றுள் 'கூறியது கூறல்', 'மாறுகொளக் கூறல்' என்னும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். அதன் பொருத்தத்தை யாம் கணினியிடம் கற்றோம்.

பெரம்பலூர், அரியலூர் மாணாக்கரது உதவித்தொகை விண்ணப்பங்களுக்கென ஒரு வலைச்செயலி இயற்றினோம். காட்டல், திருத்தல், நீக்கல் என்னும் மூன்று செயல்களின் தொடக்கத்திலும், விண்ணப்பத்தைத் தேடி, கேட்பவர் அதற்கு உரியவர்தாமோவென ஆராயும் வரிகளையே மும்முறை எழுதினோம். பின்னர் அவற்றில் ஒரு பிழை கண்டு, இரண்டிடத்தில் திருத்தி, நீக்கலை மறந்தோம். ஏழை மாணவி ஒருத்தியின் விண்ணப்பம் பிறர் கைபட்டு மறைந்தது. கூறியது கூறல் மாறுகொளக் கூறலாய் முடிந்தது! இறுதிநாளுக்கு முன் அவள் மீண்டும் எழுதித் தந்தமையால் பழியினின்று தப்பினோம்.

இப்பொழுது அவ்வரிகள் ஓரிடத்திலேயே உள. மூன்று செயலுக்கும் முன்னர் அவையே தாமாக இயங்கும். ரூபி ஆன் ரெயில்ஸில் இதனை 'பிஃபோர் ஆக்‌ஷன்' என்பர்.

ஆயினும் ஒன்றுபோல் தோன்றுவன எல்லாம் ஒன்றல்ல. 2001இல் பிரிந்த அரியலூர் மாவட்டம் 2002இல் பெரம்பலூருடன் இணைந்து, 2007இல் மீண்டும் பிரிந்தது. இவ்விரண்டிற்கும் யாம் எழுதிய விதிகள் இன்று ஒத்திருப்பினும் நாளை வேறாகலாம். ஆதலின், ஒரே காரணத்தால் மாறுவனவற்றை மட்டுமே ஒன்றாக்குதல் தகும் என்பது யாம் பட்டறிந்தது.