குதிரை வீரனிடம் குலம் கேட்டார் உண்டா?

புழுதி பறக்கப் புரவியேறி வருகிறான் ஒருவன். தலையிலே அகன்ற தொப்பி, இடையிலே துப்பாக்கி. ஊர் தெரியாது, உற்றார் தெரியாது. மதுக்கடைக்குள் நுழைகிறான், குவளை வைக்கப்படுகிறது, குடிக்கிறான். "நீ என்ன குலம்?" என்று கேட்பாரில்லை. தனிக்குவளை எடுத்து நீட்டுவாரில்லை!

துறைமுகத்திலே மூட்டை சுமந்தும், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளிலே அனலில் வெந்தும் வீடு திரும்பிய நம் வடசென்னைத் தோழர்கள், ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியாதிருந்தும் கௌபாய் படமென்றால் தரை டிக்கெட்டுக்கு முண்டியடித்தது ஏன்? துப்பாக்கிச் சத்தமும் குதிரைப் பாய்ச்சலும் என்பர் சிலர். அதுவும் உண்டு, மறுப்பானேன்! ஆயினும் பெயரைச் சொன்னதும் தெருவைக் கேட்டு, தெருவைச் சொன்னதும் சாதியைக் கணக்கிடும் நாட்டிலே, திறமை ஒன்றையே முகவரியாகக் கொண்ட மனிதனைத் திரையிலே கண்ட களிப்பே பெரிதென்போம் நாம். 1972-இல் கர்ணனின் 'கங்கா' படத்திலே ஜெய்சங்கர் குதிரையேறினார். 2010-இல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' தன் கதையில் வரும் ஊருக்கு அவர் பெயரையே சூட்டிற்று. அவ்வளவு ஆழம் பாய்ந்த ஆசை அது.

அந்த வரிசையிலே தலையாயது 1969-இல் எடுக்கப்பட்ட 'மெக்கன்னாஸ் கோல்டு'. கிரிகரி பெக், ஓமர் ஷெரீப் நடித்த படம். பிறந்த அமெரிக்காவிலே தோல்வி. நம் நாட்டிலோ பெருவெற்றி! கதிரவன் எழ, கற்றூணின் நிழல் நீண்டு நீண்டு பொற்பள்ளத்தாக்குக்கு வழிகாட்டும் கட்டத்திலே கொட்டகையே மூச்சடக்கியிருந்ததை நாம் அறிவோம்.

அதை எழுதிய கார்ல் ஃபோர்மன் யார், தெரியுமா தம்பி? 1952-இல் வந்த 'ஹை நூன்' படத்தை எழுதியவரும் அவரே. பழிதீர்க்கக் கொலைகாரன் நண்பகல் இரயிலிலே வருகிறான். ஊர்க்காவல் தலைவனாகிய கேரி கூப்பர், துணைதேடி மாதாகோவிலுக்கு ஓடுகிறார். அங்கே வழிபாடு நடக்கிறது, வாதம் நடக்கிறது. துணைக்கு மட்டும் ஆளில்லை! அமெரிக்காவிலே கம்யூனிஸ்டு வேட்டை நடந்த காலம் அது. 1951-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்ட ஃபோர்மன், தோழர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்தார். படவுலகம் கதவடைத்தது. இங்கிலாந்து சென்று பிழைத்தார். ஊர் கைவிட்ட அந்த ஒற்றை மனிதனை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால், குலம் கேளாத அந்த மதுக்கடைக்குள்ளே செவ்விந்தியனுக்கு இடமுண்டா? புராணங்களைப் புரட்டிப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. மண்ணுக்குரியவன் அரக்கன், வந்தேறியவன் வீரன்! 1939-இன் 'ஸ்டேஜ்கோச்' படத்திலே வெறிகொண்ட அப்பாச்சிகளாக வந்தவர்களில் நவாஹோ பழங்குடியினர் இருந்தனர். கூலிக்கு அரக்கராய் நடித்துக் காட்டினர்! 'மெக்கன்னாஸ் கோல்டு' படத்தின் அப்பாச்சிக் கிழவராக வந்தவரோ இத்தாலியிலே பிறந்த நடிகர். பொன் கிடப்பது அப்பாச்சிகளின் பள்ளத்தாக்கிலே. அதை அள்ளக் கிளம்பும் கூட்டத்திலோ கொள்ளையன் உண்டு, கடைக்காரர் உண்டு, பத்திரிகையாசிரியர் உண்டு, பாதிரியாரும் உண்டு! (ஆண்டவன் பணிக்கு விடுமுறை போலும்.)

அந்தக் கூட்டம் குதிரையேறும் காட்சியைக் காணுந்தோறும் நமக்கு எண்ணூர் நினைவு வருகிறது. அலையாத்தியும் உப்பளமும் மீன்பாடும் நிறைந்த கழிமுகத்தை ஆளற்ற வெற்றுநிலமாகக் கண்ட கண்கள் இங்கும் இருந்தன. அனல்மின் நிலையத்துச் சாம்பல் நீரிலே படிந்தது. 2023 டிசம்பரிலே புயல்வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து பரவிற்று. படகு கறுத்தது, வலை கறுத்தது, கரை கறுத்தது. சேற்றுநீரிலே இறங்கி வெறுங்கையால் இறால் துழாவிப் பிடிக்கும் இருளர்களுக்கு அன்று நீரிலே கைவைக்க வழியில்லை. மீனவர்கள் படகேறிச் சென்று, வாளியும் குவளையும் கொண்டு அந்த எண்ணெயை மொண்டு மொண்டு எடுத்தார்கள்.