கருப்பட்டி எப்போது ஊருக்குப் போகும்?

வளைகுடாவிலிருந்து ஒரு குடும்பம் நிரந்தரமாக ஊர் திரும்புகிறது என்றால், வீட்டுப் பொருட்கள் கைமாறத் தொடங்கிவிடும். வாஷிங் மெஷின் ஒரு வீட்டுக்கு, கட்டில் இன்னொரு வீட்டுக்கு, இட்லிப் பானை மிக நெருங்கியவர்களுக்கு. சிலது விலைக்கு, சிலது சும்மா. ஷார்ஜா அல் நஹ்தாவில் வசிக்கும் ஒரு நாசரேத் குடும்பத்துக்கு அப்படி வந்து சேர்ந்தவை மூன்று. ஒரு கிரைண்டர், பால்கனியில் வைக்கக் கறிவேப்பிலைத் தொட்டி, ஒரு பூனை.

கிரைண்டரையும் தொட்டியையும் கேட்டு வாங்கினார்கள். பூனையை யாரும் கேட்கவில்லை.

அப்பா, அம்மா, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள். மூன்று பேர் கொண்ட வீடு. அப்பாவுக்கு துபாயில் கணக்கு எழுதும் வேலை. ஷார்ஜா வாடகை கைக்கு அடக்கமாக இருப்பதால், ஆயிரக்கணக்கானவர்களைப் போல அவரும் எல்லையின் இந்தப் பக்கம் தூங்கி, அந்தப் பக்கம் வேலை பார்க்கிறார். 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையை மாற்றியபோது அந்த வீட்டுக்கு ஒரு விசித்திரமான வாரம் கிடைத்தது. அதுவரை எல்லாருக்கும் வெள்ளி, சனி விடுமுறை. பிறகு துபாய் சனி, ஞாயிறுக்குப் போனது. ஷார்ஜாவோ வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் அறிவித்தது. வெள்ளிக்கிழமை மகளுக்குப் பள்ளி இல்லை, அப்பாவுக்கு அலுவலகம் உண்டு. அன்று பகல் முழுக்க அவள் பால்கனியில் நின்று கீழே நிற்கும் கார்களை எண்ணிக்கொண்டிருப்பாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிம்மதி. முன்பு வெள்ளிக்கிழமைதான் ஆராதனை. 'ஓய்வுநாள் பள்ளி'யை வெள்ளிக்கிழமை நடத்துவது ஏன் என்று ஊரில் இருக்கும் ஆச்சிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. இப்போது இவர்கள் சபை ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. "இப்பதான் ஒழுங்கா கோயிலுக்குப் போறீங்க" என்று ஆச்சி மனதாரச் சொன்னார்.

கோயில் இருப்பது துபாய் ஊத் மேத்தாவில். 1967-இல் தொடங்கிய செயின்ட் மேரீஸ் கத்தோலிக்க ஆலயமும், பல மொழிச் சபைகள் முறை வைத்துக் கூடும் ஹோலி டிரினிட்டி வளாகமும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. தமிழில் ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மொழிக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். ஊரில் போல ஆராதனை முடிந்து மரத்தடியில் நின்று பேச நேரம் கிடையாது. அதனால் இங்கே நட்பு வளர்வது பெரும்பாலும் காருக்குள்தான்.

இந்தக் குடும்பத்துக்குக் கார் இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்த நாகர்கோவில் குடும்பத்திடம் ஏழு பேர் உட்காரும் வண்டி இருந்தது. ஆறு வருடம், வாரம் தவறாமல், அந்த வண்டி இவர்கள் கட்டிடத்தின் கீழே வந்து நிற்கும். போகும்போது பிள்ளைகள் மனப்பாட வசனம் ஒப்பிப்பார்கள். வரும்போது பெரியவர்கள் ஊரில் நடந்த அசனத்தைப் பற்றிப் பேசுவார்கள். எந்த ஊர் அசனத்தில் கறி நன்றாக இருந்தது என்ற வழக்கு ஆறு வருடமாகியும் தீரவில்லை. இந்த வீட்டு அம்மாவுக்கு அந்த வீட்டு அம்மா 'அக்கா'. மகளுக்கு அவர்கள் 'அங்கிள், ஆன்ட்டி'. எட்டாம் வகுப்பு படித்த அவர்கள் மகன் அவளுக்கு 'அண்ணன்'.

பூனையைக் கண்டுபிடித்தது அந்த அண்ணன்தான். வெயில் நாற்பதைத் தாண்டிய ஒரு ஜூன் மாத நண்பகலில், வண்டிக்கு அடியில் நிழல் தேடிப் படுத்திருந்த குட்டி அது. நிறத்தைப் பார்த்து 'கருப்பட்டி' என்று பெயர் வைத்தான். நாசரேத்துக்கும் நாகர்கோவிலுக்கும் பொதுவான சொத்து பனைமரம் என்பதால் பெயரை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பூனையா, பூச்சையா என்பதில்தான் காருக்குள் சண்டை. நாகர்கோவில்காரர்களுக்கு அது கடைசிவரை பூச்சைதான்.

ஒரு நாள் ஆராதனையில் விண்ணப்பக் குறிப்புகள் வாசித்தார்கள். "பெயர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பத்தின் வேலை காரியத்துக்காக ஜெபிப்போம்." எல்லாரும் ஆமென் சொன்னார்கள். இந்த அம்மாவும் கண்ணை மூடி உருக்கமாகச் சொன்னார். சொன்னவருக்குப் பக்கத்து இருக்கையில்தான் அந்தக் குடும்பம் உட்கார்ந்திருந்தது.

அங்கிளுக்கு வேலை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரமும் வண்டி வழக்கம்போல வந்து நின்றது. கடனில் வாங்கிய வண்டியை விற்க வேண்டி வந்தபோதுதான், "அடுத்த வாரத்துலேர்ந்து வேற ஏற்பாடு பாத்துக்கிடுங்க" என்று இறங்கும் இடத்தில் சொன்னார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. "மூணு வாரமா பக்கத்துல இருந்துட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அக்கா" என்று போனில் கேட்டார். "சொல்லியிருந்தா நீ வண்டியில ஏறியிருக்க மாட்டியே" என்றார் அக்கா. அது உண்மை. பெட்ரோல் செலவை நினைத்து டாக்ஸி பிடித்திருப்பார்கள். அங்கிளிடம் மிச்சமிருந்த ஒரே வழக்கமான வேலை அந்த வண்டி ஓட்டுவதுதான் என்பது யாருக்கும் தோன்றியிருக்காது.

நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்கள் பூனையைக் கொண்டு போகலாம். விதி இடம் தருகிறது. ஆனால் சான்றிதழ், கூண்டு, சரக்குக் கட்டணம் என்று கணக்குப் போட்டபோது, அந்தப் பணத்தில் மகனை ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று தெரிந்தது. பையன் அழவில்லை. கருப்பட்டியின் தடுப்பூசிப் புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தங்கச்சியிடம் கொடுத்தான்.

அம்மாவுக்குப் பூனை என்றாலே ஆகாது. முடி, வாடை, பால் சட்டி என்று நூறு காரணம் வைத்திருந்தார். 'நாத்தூர்' எனப்படும் கட்டிடக் காவலாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது கடைசிக் காரணம். நாத்தூரோ, தன் அறை வாசலில் நான்கு பூனைகளுக்குச் சோறு வைப்பவர். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மூன்று நாள் கருப்பட்டி கிரைண்டருக்குப் பின்னாலேயே கிடந்தது. அந்த வீட்டில் அதற்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான். மகள் கெஞ்சினாள், அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். அசையவில்லை. நான்காம் நாள் அம்மா சூக் அல் ஜுபைல் சந்தையிலிருந்து மத்தி வாங்கிவந்து வறுத்தார். அப்போதும் இல்லை. வீடியோ காலில் நாகர்கோவிலைக் கூப்பிட்டார்கள். "மக்கா, இஞ்ச வா" என்று பையனின் குரல் கேட்டதும் காது நிமிர்ந்தது. வெளியே வந்து, போனை மோந்து பார்த்துவிட்டு, மத்தியைத் தின்றது.

அன்றிலிருந்து அந்த அம்மா பூனையிடம் மட்டும் நாகர்கோவில் தமிழ் பேசுகிறார். வெள்ளிக்கிழமைகளில் மகள் கார் எண்ணுவது நின்றுவிட்டது. கோயிலுக்கு இப்போது வேறொருவர் வண்டி. அவர் மதுரைக்காரர், வண்டியில் அசனப் பேச்சு இல்லை, ஜிகர்தண்டாப் பேச்சு உண்டு.

அடுத்த ஜூலையில் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பியபோது பூனையை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. சபையில் ஐந்து வீடுகள் வாரம் ஒன்றாகப் பிரித்துக்கொண்டன. மணல் தட்டை மாற்றத் தெரியாதவர்களுக்கு மகள் வரைந்து காட்டிவிட்டுப் போனாள்.

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் அங்கிள் ஒரு பழைய ஸ்கூட்டருடன் நின்றார். உறவினர் கடையில் கணக்குப் பார்க்கிறாராம். ஆட்டோ பிடிக்கலாம் என்றதற்கு விடவில்லை. மூன்று நடையாக மூன்று பேரையும் வீட்டில் கொண்டுபோய் இறக்கினார்.

பையன் உயரமாகியிருந்தான். முதல் கேள்வி, "கருப்பட்டியக் கொண்டு வரலியா?"

அப்பா விதியைச் சொன்னார். இரண்டு வருடமாவது வெளிநாட்டில் இருந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்தான் தன் உடைமையோடு நாயோ பூனையோ, இரண்டு வரை, கொண்டுவரலாம். அதுவும் சென்னை போல, கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கும் ஊர் வழியாக. விடுமுறைக்கு வருகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. தனி உரிமம் வாங்க வேண்டும்.

"அப்ப நீங்க எப்ப நிரந்தரமா வருவிய?" என்று கேட்டான் பையன்.

கேட்டது பூனையைப் பற்றித்தான். ஆனால் அறையில் இருந்த நான்கு பெரியவர்களும் பேசாமல் இருந்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் அப்பாவின் அலுவலகத்தில் இருந்தது. அவருடைய ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவதாக இருந்தது. அம்மாவுக்கே அதைச் சொல்லியிருக்கவில்லை. ஷார்ஜா திரும்பும் விமானத்தில் சொன்னார். "நீங்களும் மூணு வாரம் மறைச்சிராதீங்க" என்று மட்டும் அம்மா சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பக் குறிப்பில் அவர்கள் தங்கள் பெயரைச் சொல்லியே எழுதிக் கொடுத்தார்கள்.

நவம்பரில் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடத்துக்கு நீண்டது. அம்மா முதலில் போன் செய்தது அக்காவுக்கு. அக்கா ஸ்தோத்திரம் சொன்னார், அங்கிள் வாழ்த்தினார். போன் பையன் கைக்குப் போனது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மகள் "அண்ணா?" என்றாள்.

"ஊசி வருஷா வருஷம் போடணும், கேட்டியா?" என்றான் அவன். "விட்டுப்போச்சுன்னா பின்ன விமானத்துல ஏத்த மாட்டாங்க."

அவள் பிளாஸ்டிக் உறையிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தேதி பார்த்தாள். மார்ச் மாதம். சபை நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். புது வருட நாட்காட்டி வந்ததும் அதிலும் போட வேண்டும்.