தோள்பட்டையில் கோளாறு இல்லை... பவர் ஸ்டீயரிங்கில்தான்!

"கை முன்ன மாதிரி இல்லம்மா. தோள்பட்டை போச்சு."

ரெண்டு மாசமாக அப்பா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியின் டேஷ்போர்டில் நீலகிரித் தைல பாட்டில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது.

மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அப்பாவுக்கு மனப்பாடம். ஆனால் அன்றைக்கு பர்லியாறு தாண்டி ஒரு வளைவில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்க முடியவில்லை. வண்டி எதிர்ப்பக்கம் ஏறிவிட்டது. மேலேயிருந்து இறங்கிய பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் தப்பித்தோம். அவர் திட்டவில்லை. அதுதான் அப்பாவை ரொம்ப பாதித்தது என்று நினைக்கிறேன். ஓரமாக நிறுத்திவிட்டு, "வண்டியை வித்துடலாம்" என்று சாவியை என்னிடம் நீட்டினார்.

மீதி தூரத்தை நான் ஓட்டினேன். அடுத்த வளைவிலேயே எனக்கும் கை கடுத்தது. எனக்கு வயது 25!

குன்னூரில் மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் முன் டயர்களில் காற்றைப் பார்த்தார். காற்று குறைந்தாலே ஸ்டீயரிங் கனக்குமாம். அது சரியாக இருந்தது. பிறகு இன்ஜினை அணைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஸ்டார்ட் ஆனதும் சட்டென இளக வேண்டும். எங்கள் வண்டியில் லேசாகத்தான் இளகியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கொஞ்சம் சுலபமானது, கூடவே 'உய்ங்' என்று ஒரு முனகல்.

"பெல்ட் நல்லாருக்கு. ஆயில் டப்பாவைப் பாரு பாப்பா."

ஆயில் அளவுக்கோட்டுக்குக் கீழே இருந்தது. மேலே காபி மாதிரி நுரை.

விஷயம் இதுதான். பழைய வண்டிகளில் இன்ஜின் சுற்றும் வேகத்தில், பெல்ட் வழியாக ஒரு பம்ப் ஓடுகிறது. அது அழுத்தித் தரும் ஆயில்தான் சக்கரத்தைத் திருப்ப உதவுகிறது. ஆயிலில் காற்று கலந்தால் அந்த அழுத்தம் கிடைக்காது. அதிலும் கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். நமக்கு அதிக உதவி தேவைப்படும் நேரத்தில்தான் பம்ப் குறைவாகத் தள்ளும்.

ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து கசிந்திருக்கிறது. போர்டிகோவில் விழுந்த சிவப்புக் கறையை அம்மா ரெண்டு மாசமாகச் சாக்கு போட்டு மூடி வந்ததும் அப்போதுதான் தெரிந்தது! அப்பா தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தவர். ரோலர் சத்தம் மாறினால் தூக்கத்திலும் எழுந்துவிடுவார். இந்த முனகலைக் கேட்டும் தன் உடம்பைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்.

புது ஹோஸ், கிளாம்ப், அந்த வண்டிக்கு உரிய ஆயில். அவசரத்துக்குக்கூட பிரேக் ஆயிலை ஊற்றக் கூடாது, சீல்கள் கெட்டுவிடும். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகப் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்றினார்.

கிளம்பும்போது, "இறக்கத்துல டீசல் மிச்சம் பண்றேன்னு இன்ஜினை ஆஃப் பண்ணிடாதீங்க சார். பம்பும் நின்னுரும். பிரேக்கும் கல்லு மாதிரி ஆகிடும்" என்றார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

போன ஞாயிறு அப்பாதான் ஓட்டினார். அதே வளைவில் வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது. தைல பாட்டிலை எடுத்து உள்ளே வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும். முதுகுக்கு ஆகும்."