அறுநூறு குதிரைகளும் ஒரு சைக்கிளும்

இச்சஞ்சிகையின் வாசகர்கள் முன் ஒன்றை ஒப்புக்கொள்ளச் சற்றுத் துணிவு வேண்டியிருக்கிறது. 2018ஆம் ஆண்டு தொடக்கம் 2021ஆம் ஆண்டுவரை, மணிக்கு முந்நூற்று இருபது கிலோமீற்றருக்கு மேல் ஓடவல்ல மோட்டார்க் கார் ஒன்றுக்கு நாம் உடைமையாளராக இருந்தோம். உழைப்பவர் பக்கம் நின்று பேசியும் எழுதியும் வந்தவர் நாம். மாணவப் பருவத்திலே துண்டுப்பிரசுரம் சுமந்து திரிந்தவர் நாம். ஐம்பத்திரண்டு வயதில், நாம் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனத்தின் பங்குகள் எதிர்பாராத விலைக்குப் போனபோது, அப்பணத்தின் பெரும்பகுதியைக் கொண்டுசென்று நான்கு சில்லுகளின் மேல் வைத்தவரும் நாமே. வட இங்கிலாந்தில் ஒரு சிறிய வீட்டை அப்பணத்துக்கு வாங்கியிருக்கலாம்.

ஏன் வாங்கினோம் என்று கேட்டால் நேர்மையான விடை ஒன்றுதான் உண்டு. 1984இல் ஒரு தோற்பெட்டியுடன் இந்நாட்டில் வந்திறங்கிய நாள் முதலாக, எம்மைப் பார்த்தும் பாராததுபோலச் சென்ற கண்கள் யாவும் ஒருமுறையாவது திரும்பிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எம்முள் எங்கோ கிடந்திருக்கிறது. அந்த ஆசையை நாம் பொறியியல் ஆர்வம் என்று அழைத்துக்கொண்டோம். கரிநார் உடல், அறுநூறுக்கு மேற்பட்ட குதிரைவலு, மூன்று விநாடியில் நூறு கிலோமீற்றர் வேகம் என்று நண்பர்களுக்கு விளக்கும்போது எமது குரலில் ஆசிரியரின் தொனி இருந்தது. உள்ளே இருந்ததோ வேறு.

எமது தந்தையார் ஒரு பஸ் சாரதி. 1958ஆம் ஆண்டு தை மாதம் முதலாம் திகதி இலங்கையின் தனியார் பஸ் கம்பனிகள் நாட்டுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிற்று. ஐந்தாண்டுகள் கழித்து, தமது இருபத்திரண்டாம் வயதில், தந்தையார் அதன் கொழும்பு டிப்போ ஒன்றிலே சாரதியாகச் சேர்ந்தார். இலண்டன் நகரம் கழித்துவிட்ட 'ஆர்.ரி.' இரட்டைத்தட்டு பஸ்கள் பல நூறு அக்காலத்தில் இலங்கைக்குக் கப்பலேறி வந்தன. அவற்றில் ஒன்றைத்தான் அவர் புறக்கோட்டைக்கும் மொறட்டுவைக்கும் இடையே ஆண்டுக்கணக்காக ஓட்டினார். 1983 ஆடிக்குப் பின் கொழும்பு வாழ்வு முடிந்தது, ஊருக்குத் திரும்பினார். எம்மிடம் வந்து சேர்ந்தது வெகுகாலத்தின் பின், அம்மா மறைந்தபோது.

கார் வந்த அன்று அயல்வீட்டுச் சிறுவர்கள் படம் பிடித்தார்கள். தந்தையார் வாசலில் நின்று, கைகளைப் பின்னால் கட்டியபடி, வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

“எத்தினை குதிரைவலு தம்பி?” என்றார்.

சொன்னோம்.

“எத்தினை பேர் இருக்கலாம்?”

“ரெண்டு பேர் ஐயா.”

“என்ர பஸ் நூற்றிப் பதினைஞ்சு. ஐம்பத்தாறு சீற். நிண்டுகொண்டு வாறது வேற.”

இவ்வளவுதான் சொன்னார். பழித்துச் சொன்னதாக எமக்குத் தோன்றவில்லை, கணக்கைத்தான் சொன்னார். ஆயினும் அன்றிரவு அக்கணக்கை நாம் செய்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆசனத்துக்கு இரண்டு குதிரைவலுவைக் கொண்டு ஒரு நகரத்தின் எழுதுவினைஞரையும் மீன்காரியையும் பள்ளிப் பிள்ளைகளையும் அந்த வண்டி சுமந்து திரிந்திருக்கிறது. இங்கோ ஒருவரைத் தூக்கிச் செல்ல அறுநூறு.

பிறகு அவரை ஏற்றிச் செல்லலாம் என்று கதவை மேல்நோக்கித் திறந்தோம். ஆசனம் ஏறத்தாழ நிலத்தோடு கிடந்தது. பக்கச் சட்டம் அகன்றது. முழங்கால் நோவுள்ள முதியவர் ஒருவர் அதைத் தாண்டி உள்ளே இறங்குவது நடவாத காரியம். இருமுறை முயன்றார். மூன்றாம் முறை எமது தோளைத் தட்டிவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். மூன்றாண்டுகளில் ஒரு தடவைதானும் அவர் அவ்வண்டியில் ஏறியதில்லை.

அதனோடு வாழ்ந்த வாழ்வை விரித்துரைக்க வேண்டியதில்லை. வீதியிலுள்ள வேகத்தடை ஒவ்வொன்றும் ஒரு மலை. கடைத்தெருவில் நிறுத்திவிட்டுப் போனால் மனம் கடைக்குள் வராது. பின்னாலிருந்து வருவது கண்ணாடியில் பாதிதான் தெரியும். ரயர் ஒரு சோடி மாற்றிய செலவைத் தந்தையாரிடம் நாம் சொன்னதேயில்லை; அவர் ஒருமுறை கேட்டபோது பொய் சொன்னோம். வாங்கியவனே தன் பொருளுக்குக் காவற்காரனாகிவிடும் இந்த நிலையைப் பற்றி எத்தனையோ கட்டுரைகளில் வாசித்திருக்கிறோம். வாசித்ததனால் ஒரு பயனும் விளையவில்லை.

இவை யாவற்றிலும் பெரிய குறை வேறொன்று. அவ்வண்டியை ஓட்ட இடமே இல்லை. இங்கிலாந்தின் நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு எழுபது மைல், அதாவது நூற்றுப்பன்னிரண்டு கிலோமீற்றர். இரண்டாம் கியரிலேயே அவ்வண்டி அந்த எல்லையை எட்டிவிடும்; மிகுதிக் கியர்கள் அலங்காரம். ஓடும் பொருளின் இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பதைப் பௌதிக ஆசிரியர்கள் வகுப்பறையில் சொல்லித் தருகிறார்கள். அக்கணக்கின்படி எமது வண்டி தன் உச்ச வேகத்தில் சுமக்கும் சக்தி, சட்டம் அனுமதிக்கும் சக்தியைப் போல எட்டு மடங்கு. அந்த எட்டில் ஏழு பங்கைப் பூட்டி வைப்பதற்காகவே நாம் விலை கொடுத்திருந்தோம். பூட்டி வைத்தது சும்மா கிடக்குமா? மெதுவாகப் போகும்போது அவ்வண்டி ஒன்றும் பேசாது. எழுபதில் போனாலும் நிற்பது போலவே இருக்கும். வேகம் என்ற உணர்வைப் பெறவேண்டுமாயின் குற்றம் செய்தாக வேண்டும். அப்படித்தான் அதனை ஆக்கியிருக்கிறார்கள்.

2021ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு, வீட்டார் யாவரும் உறங்கும்போது வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். இலண்டனுக்கு வடமேற்கே சில்ற்றேண் குன்றுகளினூடே செல்லும் ஒடுங்கிய பாதைகளில் அந்நேரத்தில் ஆளரவம் இராது. இருபுறமும் உயிர்வேலி. அங்கு அறுபது மைல்தான் எல்லை. நேர்ப்பாதை ஒன்றில் வேகமானியைப் பார்த்தபோது அது நூறு மைலைத் தாண்டியிருந்தது. அந்தக் கணத்தில் எமக்கு அச்சம் இருக்கவில்லை, மகிழ்ச்சிதான் இருந்தது. இதை மறைப்பதற்கில்லை.

பாதை சற்று வளைந்தது. வளைவுக்கு அப்பால், எமது பக்கத்திலேயே, ஒரு சைக்கிள்.

பிரேக்கை மிதித்தோம். இந்நாட்டு வீதி ஒழுங்குக் கைநூலின்படி, முப்பது மைல் வேகத்தில் வரும் வண்டி நிற்க இருபத்துமூன்று மீற்றர் வேண்டும், அறுபதில் எழுபத்துமூன்று. அதே சூத்திரத்தைக் கொண்டு கணக்கிட்டால் நூறு மைலில் ஏறக்குறைய நூற்றெண்பது மீற்றர். எமது வண்டியின் பிரேக் அக்கணக்கிலும் சிறந்தது. அதனாலேதான் இக்கட்டுரையை நாம் வீட்டிலிருந்து எழுதுகிறோம். பட்டி எமது மார்பை நெரித்தது. வண்டி குனிந்து, நெளிந்து, பிறகு சைக்கிளின் வேகத்துக்கு இறங்கிற்று. இடையே இருந்த தூரம் ஒரு வீட்டு முற்றத்தின் அளவு.

ஓட்டியவர் நடுவயதினர். மஞ்சள் மேற்சட்டை; முதுகிலே ஒரு பை; பின்சில்லின்மேல் சிறு சிவப்பு விளக்கு. வேலைக்குப் போகிறவர் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வண்டியொன்று பொறுமையாகத் தம் வேகத்தில் வருகிறது என்று மட்டும் உணர்ந்திருக்கிறார். ஆகவே இடது கையை உயர்த்தி, நன்றி தெரிவித்தார்.

அந்தக் கையை நாம் இன்னும் மறக்கவில்லை. வண்டியை ஒரு வயல் வாயிலில் ஒதுக்கி நிறுத்திவிட்டு, கைநடுக்கம் அடங்கும்வரை இருந்தோம். அவர் மேட்டில் மெல்ல ஏறி மறைந்தார். ஒரு விநாடி பிந்தியிருந்தால் அவரது வீட்டுக் கதவை யாரோ ஒரு பொலிஸ்காரர் தட்டியிருப்பார். நாம் யாருடைய பக்கம் நிற்பதாக நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்தோமோ, அவருடைய முதுகுக்குப் பின்னால் அன்று அறுநூறு குதிரைகளோடு நின்றோம்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை வண்டியை விற்பதென்று முடிவு செய்தோம். வாங்கிய வியாபாரி அதனைச் சுற்றிப் பார்த்து, நாம் கொடுத்த விலையில் பாதியைவிடச் சற்றே கூடிய ஒரு தொகையைக் கூறினான். பேரம் பேச மனம் வரவில்லை. மூன்றாண்டுப் பெருமிதத்துக்கு அது விலை. எமது துணைவியார் அத்தொகையைக் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். அப்பணத்தில் தமது தங்கையின் பிள்ளைகளைப் படிப்பித்திருக்கலாம் என்று பிறகு சொன்னார். பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

அதன் இடத்துக்கு வந்தது மாஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்.-5 என்னும் சிறு வண்டி. பழையது, ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது. ஒன்றரை லீற்றர் இயந்திரம். நூற்று முப்பது குதிரைவலு. நிறை ஏறத்தாழ ஆயிரம் கிலோகிராம். கூரை துணியாலானது, ஆசனத்தில் இருந்தபடியே ஒரு கையால் பின்னே தள்ளிவிடலாம். கியரைக் கையால் மாற்றவேண்டும், கிளச்சைக் காலால் மிதிக்கவேண்டும். முப்பது மைல் வேகத்திலேயே வீதியின் ஒவ்வொரு மேடு பள்ளமும் உள்ளங்கைக்கு வந்து சேரும். சட்டத்துக்கு உட்பட்டு நடந்துகொண்டே ஒரு வளைவைச் செம்மையாகக் கடந்தோம் என்ற நிறைவு கிடைக்கும். பெரிய வண்டியில் எல்லாவற்றையும் வண்டியே செய்தது. நாம் அதன் பயணி. இங்கே வேலை எம்முடையது. பாரம் குறைந்த பொருளுக்கு விரைந்து நிற்கப் பெரிய பிரேக் வேண்டாம், திரும்ப அகன்ற ரயர் வேண்டாம், ஏற வலிய இயந்திரம் வேண்டாம். ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும். கூட்டினாலும் அவ்வாறே.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இத்தகைய சிறு வண்டிகளைச் செய்வதில் பேர்பெற்றவர்கள் ஆங்கிலேயர். அத்தொழில் இங்கே நலிந்த பின், 1989இல் அதனை உயிர்ப்பித்தவர்கள் ஹிரோஷிமா நகரத்தார். 2016இல் அவ்வகையின் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. அந்நகரின் பெயரைச் சொல்லிவிட்டு மேலே செல்ல முடியவில்லை. அந்நிறுவனம் 1920இல் தக்கை செய்யும் கம்பனியாகத் தொடங்கி, 1931இல் முச்சக்கர லொறி செய்யப் புகுந்தது. யுத்த காலத்தில் துப்பாக்கியும் செய்தது. 1945 ஆவணி 6ஆம் திகதி அணுக்குண்டு விழுந்தபோது, ஹிஜியாமா என்ற சிறு குன்று இடையே நின்றதால் தொழிற்சாலை பிழைத்தது. தொழிலாளர் பலர் பிழைக்கவில்லை. நகரில் கட்டடம் எஞ்சாததால், மாகாண நிர்வாகமே சில காலம் அந்த ஆலைக்குள் இருந்து நடந்தது. அவ்வாண்டு மார்கழியிலேயே முச்சக்கர வண்டிகள் மீண்டும் வெளிவரத் தொடங்கின. சாம்பலான நகரத்துக்கு முதலில் வேண்டியிருந்தது பாரம் இழுக்கும் மூன்று சில்லுதான்.

நீண்டகாலத் தோழர் ஒருவர் எமது இந்த மாற்றத்தைக் கேட்டுச் சிரித்தார். “பெரிய விளையாட்டுப் பொருளைக் கொடுத்துச் சின்ன விளையாட்டுப் பொருளை வாங்கியிருக்கிறாய். இதிலே என்ன புரட்சி?” என்றார். அவர் சொல்வது சரி. இரண்டு ஆசனமுள்ள வண்டி, இரண்டு ஆசனமுள்ள வண்டிதான். வேலைக்கு நாம் இரயிலிலேயே போகிறோம். இவ்வண்டி இல்லாவிட்டால் எவருக்கும் பட்டினி இல்லை. எமது செயலைத் தியாகமென்று இங்கே நாம் எழுத வரவில்லை. ஆயினும் எவ்வளவு போதும் என்ற கேள்வி ஒரு கேள்வியே அல்ல என்று தோழர் தள்ளிவிடுவதை எம்மால் ஏற்க முடியவில்லை. அக்கேள்வியை எவரும் எம்மிடம் கேட்கவில்லை. விளம்பரமும் கேட்கவில்லை, வங்கியும் கேட்கவில்லை. ஒரு பழைய சாரதி மட்டும், எத்தனை பேர் இருக்கலாம் என்று கேட்டார்.

அவரை இந்தச் சிறு வண்டியில் ஏற்றும் வழியை அவரே கண்டுபிடித்தார். கூரையைத் திறந்துவிட்டு, முன்கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்தபடி, முதலில் இருந்து பிறகு கால்களைத் திருப்பி உள்ளே வைத்துக்கொண்டார். கம்பளித் தொப்பியும் கழுத்துத் துணியுமாக, எண்பது வயதில், சரே மாவட்டத்தின் வீதிகளில் காற்று வாங்கிக்கொண்டு வந்தார். புறூக்லண்ட்ஸ் என்னுமிடத்துக்குப் போனோம். 1907இல் மோட்டார்ப் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் ஓட்டத்திடல் அது. சாய்வான கொங்கிறீற் சுவரின் சில பகுதிகள் இன்னும் நிற்கின்றன. அதே வளவில் இலண்டன் பஸ் நூதனசாலையும் இருக்கிறது.

பந்தயச் சுவரை அவர் அதிகம் பார்க்கவில்லை. சிவப்பு 'ஆர்.ரி.' பஸ்ஸின் முன்னால் போய் நின்றார். சாரதியின் தனியறைக் கண்ணாடியூடாக எட்டிப் பார்த்து, அந்த வண்டியின் கியர் முறையை எமக்கு விளக்கத் தொடங்கினார். அடுத்த கியரைக் கைப்பிடியால் முன்கூட்டியே தெரிந்து வைத்துவிட வேண்டும். உரிய கணம் வந்ததும் இடது காலால் மிதிக்க, அப்போதுதான் அது விழும். “வளைவு வந்தாப் பிறகு யோசிச்சுச் சரிவராது தம்பி. முன்னமே தெரிஞ்சு வைச்சிருக்க வேணும். மேல்தட்டிலை சனம் நிக்கும், விழுந்துபோகும்.” அங்கே காவலிருந்த வெள்ளையர் ஒருவர், இந்த முதியவர் இவ்வளவு நேரம் என்ன சொல்கிறார் என்று கேட்டார். தந்தையார் தமது டிப்போ ஆங்கிலத்தில், இருபது வருடம் இதை ஓட்டினேன் என்றார். அம்மனிதர் தொப்பியைக் கழற்றினார். பிறகு இருவரும் கிளச்சைப் பற்றியும் கொழும்பு வெயிலில் கொதித்த றேடியேற்றரைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினார்கள். எமக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

திரும்பி வரும்போது மாலை வெயில். நாற்பது மைலுக்கு மேல் நாம் போகவில்லை. மரங்களுக்கிடையே வீதி இடப்புறம் மடங்கிற்று. மூன்றாம் கியருக்கு இறக்கினோம்.

“பிந்தி மாத்துறாய்,” என்றார் தந்தையார், முன்னே பார்த்தபடி.